எந்தப் பக்கம் முதலில்

குமுதவல்லிக்கு முதல் தடவை அது வந்தது மலேசியாவில், சிரம்பானுக்குப் பக்கத்துச் சுங்கை காடுட் தொழிற்சாலையில். பேக்கிங் மேசையருகே நின்று அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். கண் விழித்தபோது கேன்டீன் பெஞ்சில் படுத்திருந்தாள். நாக்கில் ரத்தக் கரிப்பு. யாரோ செருப்பைக் கழற்றிக் காலடியில் ஜோடியாக வைத்திருந்தார்கள். சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டதா என்றுதான் முதலில் கேட்டாளாம்.

பிறகு வீட்டில் இரண்டு முறை வந்தது. நான்காவது தடவை மறுபடியும் தொழிற்சாலையில், ஓடுகிற மெஷினுக்கு ஒரு முழம் தள்ளி. அன்றைக்கு சூப்பர்வைசர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, வேலை செய்யலாம் என்று டாக்டர் கடிதம் கொடுக்கும்வரை வீட்டிலேயே இருக்கச் சொன்னார். நல்ல விதமாகத்தான் சொன்னார். பதினோரு வருஷம் ஒருநாள்கூட லீவு கேட்காத பெண் என்று அவருக்கும் தெரியும்.

அவள் புருஷன் சுகுமாறன் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறவன். ஒரே மகள் மலாக்காவில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் அம்மாவுக்குத் தலைசுற்றல் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்கள். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் இவர்கள் இரண்டே பேர்.

சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். தலை முழுக்க ஒயர் ஒட்டி அரைமணி நேரம் படுக்கவைத்து இன்னொரு சோதனை செய்தார்கள். இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் நிரோஷா சின்ன வயசு, பொறுமையாகப் பேசுகிறவர். விழும்போது தலை எந்தப் பக்கம் முதலில் திரும்புகிறது என்று சுகுமாறனைக் கேட்டார். வலது பக்கம் என்றான். கை? அதுவும் வலதுதான் என்றான். அடுத்த நிமிஷமே சந்தேகம் வந்து, இல்லை, இடதாகவும் இருக்கலாம் என்றான். அவன் எதிரே நின்று பார்க்கும்போது அவனுக்கு வலது, அவளுக்கு இடதுதானே. யோசிக்க யோசிக்கக் குழம்பியது. நான்கு வாரத்தில் இரண்டு தடவை பக்கத்தில் இருந்து பார்த்தவன், அந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் அவனைக் குறை சொல்லவில்லை. எல்லாருமே இப்படித்தான், பதற்றத்தில் யாருக்கும் ஞாபகம் இருக்காது என்றார். பிறகு விளக்கினார். மூளையிலிருந்து வருகிற வலிப்பும் இருக்கிறது, மனக்கஷ்டத்தால் வருகிறதும் இருக்கிறது. பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், மருந்து வேறு வேறு.

"அடுத்த தடவை வரும்போது வீடியோ எடுத்துட்டு வாங்க. ஆரம்பத்துலேர்ந்து எடுக்கணும். முதல் அரை நிமிஷம்தான் எனக்கு முக்கியம். முகமும் ரெண்டு கையும் தெரியணும்."

அது இரண்டாயிரத்து ஏழாம் வருஷம். சுகுமாறனின் கைப்பேசி பேசவும் எஸ்.எம்.எஸ். அனுப்பவும்தான் உதவும். கேமரா வாங்க வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டான். குமுதவல்லி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சிரம்பானில் ஒரு மின்சாதனக் கடைக்குப் போனார்கள். கண்ணாடி அலமாரியில் மூன்று வரிசை கேமராக்கள். கேசட் போடுவது ஒரு வகை. சின்ன டிஸ்க் போடுவது ஒரு வகை. எதுவும் போட வேண்டாம், உள்ளேயே பதிந்துவிடும் என்பது புதிதாக வந்த வகை. கடைக்காரச் சீன இளைஞன் மலாயில் உற்சாகமாகப் பேசினான். பிள்ளைக்குப் பிறந்தநாளா, வீட்டில் கல்யாணமா என்று கேட்டான். சுகுமாறன் சும்மா தலையாட்டினான். அவ்வளவுதான், ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இதில் சூம் அதிகம், மலை உச்சியில் நிற்கிறவன் முகம்கூடத் தெரியும். இதில் கேக் வெட்டும்போது லைட்டை அணைத்தாலும் படம் விழும். இதில் எடுத்த படத்துக்குப் பூப்போட்ட பார்டர் வைக்கலாம்.

அழுத்தினால் எத்தனை நொடியில் படம் எடுக்க ஆரம்பிக்கும் என்று சுகுமாறன் கேட்டான். அந்தப் பையனுக்குக் கேள்வியே புரியவில்லை. எல்லாமே சீக்கிரம்தான் அண்ணே என்று சொல்லிவிட்டு மறுபடி சூமுக்குப் போனான். சுகுமாறன் இரண்டாவது தடவையும் கேட்டான். அதற்கு வண்ணங்களைப் பற்றிப் பதில் வந்தது. கையில் ஒரு கேமராவை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். மேலே பத்துப் பதினைந்து பொத்தான்கள். எதைப் பார்த்து வாங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. எதற்கு வாங்குகிறோம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

ரைஸ் குக்கர்களைப் பார்ப்பதுபோல எதிர்வரிசையில் நின்றிருந்த குமுதவல்லி கிட்டே வந்தாள். தனக்கு வலிப்பு வரும், அதைப் படம் எடுத்து டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று மலாயில் நேராகவே சொன்னாள்.

அந்த இளைஞன் கையிலிருந்ததை அலமாரியில் திருப்பி வைத்தான். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவளை உட்காரச் சொன்னான். மூன்று வகையிலும் ஒவ்வொன்றை எடுத்து அணைத்த நிலையில் மேசையில் வைத்தான். சுகுமாறன் எடுக்க வேண்டும், திறக்க வேண்டும், அழுத்த வேண்டும். பதிவு தொடங்கிவிட்டது என்று திரையில் சிவப்புப் புள்ளி வரும்வரை கடைக்காரன் எண்ணுவான்.

டிஸ்க் கேமராவில் டிஸ்க் சுற்றிக்கொண்டே இருந்தது. பதினாலு எண்ணின பிறகுதான் புள்ளி வந்தது. புதுவகை சீக்கிரம் வந்தது. ஆனால் கையிலிருந்து நழுவினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பதிவை நிறுத்திவிடும் என்று அவனே சொன்னான். நழுவுமா என்று கேட்டான். நழுவும் என்றான் சுகுமாறன். கேசட் கேமராவுக்கு ஆறு நொடி. பக்கத்து மூடியைத் திறந்தாலே ஆன் ஆகிவிடும், லென்ஸும் தானாகத் திறக்கும். சிவப்புப் பொத்தானை ஒருதரம் அழுத்தினால் எடுக்கும், இன்னொருதரம் அழுத்தினால் நின்றுவிடும். புள்ளியைப் பார்க்காமல் நம்பாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னான்.

ஆறு நொடியும் குமுதவல்லி ஸ்டூலில் கையை மடியில் வைத்து, போட்டோவுக்கு உட்காருவதுபோல நேராக உட்கார்ந்திருந்தாள். அதையே வாங்கினார்கள்.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "இத்தன நாளா என்னைப் புடிச்சீங்க. இனிமே படம் புடிப்பீங்க."

சிரிப்பதற்காகச் சொன்னாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

கேமரா பிரிட்ஜின் மேல் உட்கார்ந்தது. தினமும் சார்ஜ் போட்டான். வேலை முடிந்ததும் கடைப்பக்கம் போகாமல் நேராக வீட்டுக்கு வந்தான். கோழியைப் படம் எடுத்துப் பழகினான். ஒரு மாதத்துக்கு மேல் எதுவும் வரவில்லை. நல்லதுதானே என்று சந்தோஷப்பட முடியவில்லை. டாக்டரைப் பார்க்கும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. வர வேண்டும் என்று மனசு காத்திருந்தது, அப்படிக் காத்திருப்பது பாவமாகவும் இருந்தது.

வெங்காயம் நறுக்கும்போது அவள் கொஞ்சம் நின்றுவிட்டால் போதும், அவன் எழுந்து பிரிட்ஜ் பக்கம் போய்விடுவான்.

"நான் சும்மா யோசிக்கிறேன் லா," என்றாள் ஒருநாள் கத்தியைக் கீழே போட்டுவிட்டு. அதற்குப் பிறகு, யோசிக்கப் போறேன், வந்துறாதீங்க என்று முன்கூட்டியே சொல்ல ஆரம்பித்தாள். கேமரா வந்ததிலிருந்து அவள் அவன் முன்னால் உட்கார்ந்து தூங்குவதில்லை.

அது வந்தபோது அவன் செம்பனைக் காட்டில் இருந்தான். பக்கத்து வீட்டுக்காரி பஞ்சாலைதான் கூட இருந்தாள். அவளுக்கும் கேமராவைச் சொல்லிக்கொடுத்திருந்தான். மாலையில் வந்து கேசட்டை ஓட்டிப் பார்த்தார்கள். சமையலறைத் தரை இரண்டு நொடி தெரிந்தது. பிறகு பஞ்சாலையின் செருப்புக்கால்கள், கூரைத் தகரம், அதற்கப்புறம் நாற்காலி ஒன்றின் கால் அரைமணி நேரத்துக்கு. பதற்றத்தில் பொத்தானை இரண்டு தரம் அழுத்திவிட்டாள். எல்லாம் முடிந்து, நிறுத்துவதாக நினைத்து அழுத்தியபோதுதான் பதிவாக ஆரம்பித்திருக்கிறது. பஞ்சாலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அதவிடுங்கக்கா, என்னைப் பாத்துக்கிட்டீங்களே," என்றாள் குமுதவல்லி.

அடுத்தது பத்து நாள் கழித்து, சனிக்கிழமை மத்தியானம். சுகுமாறன் வீட்டில் இருந்தான். குமுதவல்லி மீன் கழுவிக்கொண்டு, மகளுக்கு ஊறுகாய் அனுப்புவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். பாதி வாக்கியத்தில் பேச்சு நின்றது. உதடு எதையோ மெல்வதுபோல அசைந்தது. அவன் கேமராவை இழுத்தான். மூடியைத் திறந்தான். அழுத்தினான். சிவப்புப் புள்ளி வந்தது.

திரையில் அவள் தலை மெதுவாகத் திரும்பியது, அந்தப் பக்கமிருந்து யாரோ கூப்பிட்டதுபோல. அவளுக்கு இடது. இடது கை விறைத்து உயர்ந்தது. பிறகு விழுந்தாள். உடம்பு வெட்டி இழுத்தது. தலை காஸ் சிலிண்டரில் போய் இடித்தது. அவன் நின்ற இடத்திலேயே நின்றான். முதல் அரை நிமிஷம் என்று டாக்டர் சொன்னது காதில் இருந்தது. மறுபடி இடித்தது. கைலி தொடைக்கு மேல் ஏறி, நனைந்துகொண்டிருந்தது. முகமும் இரண்டு கையும் தெரிகிறதா என்று பார்த்தான். தெரிந்தது. மறுபடி இடித்தது. அவன் கேமராவை அரிசி டின் மேல் வைத்துவிட்டு ஓடிப்போய், தலைக்கும் இரும்புக்கும் நடுவில் தன் உள்ளங்கையைக் கொடுத்தான்.

மறுநாள் காலையில் குமுதவல்லி கதவைச் சாத்திவிட்டு, டி.வி.யில் போடுங்க என்றாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். எல்லாரும் பார்த்துவிட்டார்கள், தொழிற்சாலையில் இருபது பேர் பார்த்தார்கள், தான் மட்டும்தான் பார்க்கவில்லை என்றாள். போட்டான்.

கடைசிவரை அசையாமல் பார்த்தாள். படத்தில் யாரோ, இரு, இரு, முடிஞ்சிரும், இரு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தான் வாயே திறக்கவில்லை என்றுதான் சுகுமாறன் நினைத்திருந்தான். அரிசி டின் மேலிருந்து பதிவான பகுதியில் அவன் முதுகும் அவள் பாதங்களும் மட்டும் தெரிந்தன.

"எத்தன தடவ இடிச்சுச்சு?" என்று கேட்டாள்.

"மூணு."

"நாலு," என்றாள். "நான் எண்ணினேன்."

இடுப்புக்குக் கீழே மட்டும் அழிக்க முடியுமா என்று கேட்டாள். முடியாது என்றான். அவள் கேசட்டை வெளியே எடுத்துத் தன் அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன உரிமை இருக்கிறது என்று தோன்றியது. அவள் அதன்மேல் வேறு எதையாவது பதிந்துவிட்டால் எல்லாம் போய்விடும். அதையும் அவளிடம் சொல்லவில்லை, அவளுக்கே தெரியும். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் டிராக்டர் ஓட்டும்போது அதே நினைப்பாக இருந்தது.

புதன்கிழமை டாக்டர் அறையில் அவன் வெறும் கேமராவை மேசைமேல் வைத்தான். டாக்டர் அவனைப் பார்த்தார். அவன் குமுதவல்லியைப் பார்த்தான். அவள் கைப்பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய கேசட்டை எடுத்துக் கொடுத்தாள்.

டாக்டர் அந்தச் சின்னத் திரையிலேயே மூன்று தடவை பார்த்தார். பயிற்சி டாக்டர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்று அனுமதி கேட்டார். கூப்பிடுங்க என்றாள் குமுதவல்லி. அவர்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தாள்.

தலை இடது பக்கம் திரும்புகிறது, இடது கைதான் முதலில் விறைக்கிறது. அப்படியென்றால் வலது மூளையில் ஆரம்பிக்கிறது போலிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். இது மனசால் வருவதாகத் தெரியவில்லை, வலிப்பு நோய்தான், இன்றைக்கே மாத்திரை தொடங்கலாம். கோலாலம்பூரில் இன்னும் நுணுக்கமாக ஒரு ஸ்கேன் எடுக்க எழுதித் தருவதாகவும் சொன்னார். இவ்வளவு தெளிவாக யாரும் எடுத்துவந்ததில்லை என்று சுகுமாறனைப் பாராட்டினார். அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான்.

"டாக்டர், வேலைக்கு லெட்டர்?" என்றாள் குமுதவல்லி.

டாக்டர் பேனாவை எடுத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். "மெஷின் பக்கத்துல நீங்க நிக்கக்கூடாது. நான் அப்படித்தான் எழுத முடியும்."

அவர் எழுதியதைத் தொழிற்சாலை அலுவலகத்தில் கொடுத்தார்கள். வேறு வேலை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்கள். அடுத்த வாரம் கம்பெனி பஸ் டிரைவர் அவள் லாக்கரில் இருந்த கோப்பையையும் ஏப்ரனையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே, வேலையிலிருந்து விலகுவதாகக் கையெழுத்துப் போட ஒரு ஃபாரம். ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லியிருந்த அந்தப் பழைய சோதனைகளையே தொழிற்சாலைக்குக் காட்டியிருக்கலாமோ என்று சுகுமாறன் நினைத்தான். நினைத்ததற்கு உடனே வெட்கப்பட்டான்.

தோட்டத்து நாற்றங்காலில் செம்பனைக் கன்றுப் பைகளுக்கு மண் நிரப்பும் வேலை கிடைத்தது. நிழலில் உட்கார்ந்து செய்வது, கூட நாலு பெண்கள். மாத்திரை அவளை மந்தமாக்கியது. வலிப்பு மாதம் ஒன்றாகக் குறைந்தது, நிற்கவில்லை. வந்தபோதெல்லாம் அவன் பக்கத்தில் இல்லை. மறுமுறை போனபோது டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். மருந்துக்குப் பிறகு வருவதையும் ஒருதரம் பார்க்க வேண்டும், அடுத்ததையும் எடுத்துவாருங்கள் என்றார்.

சுகுமாறன் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. வெளியே மருந்து வாங்கும் கவுண்டர் முன்னால் நம்பர் சீட்டுடன் உட்கார்ந்தார்கள்.

"எடுங்க," என்றாள் குமுதவல்லி. அவன் திரும்பிப் பார்த்தான். "ஆனா எனக்கு நெனவு வர்றப்போ அத கீழ வெச்சிருங்க. கண்ணு முழிக்கறப்போ நான் உங்க மூஞ்சியத்தான் பாக்கணும்."

அவன் தலையாட்டினான். அவளுக்கு நினைவு எப்போது திரும்பும் என்பது அவனுக்குத் தெரியாது. வலிப்பு வரும்போது ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அவள் கண்கள் திறந்துதான் இருக்கும். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தபோதே, கவுண்டரில் அவர்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து போனாள்.