கழுவாத குடல்

மட்டாஞ்சேரியில் குழாய்த் தண்ணீரை நிறுத்தி ஒரு பெண்ணுக்கு டாக்டர் பட்டம் வாங்கிக் கொடுத்த ஆள் உலகத்தில் ஒருவன்தான் உண்டு. அது அடியேன் வேலன். ஊசி போடும் டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர். கேட்டவர்கள் எல்லோரும் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். ஒருவர் மட்டும் அப்படி நடக்கவே நடக்காது என்றார்.

தொண்ணூற்றெட்டில் நான் குடிநீர்க் குழாய்களின் வால்வைத் திறந்து மூடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். என் தங்கை மகள் மஞ்சுஷா களமசேரியில் ஆராய்ச்சி மாணவி. எங்கள் வீட்டுத் தயிரிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து வளர்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றுக்கு நல்லது செய்யும் இனமாம்.

"நல்லது செய்யணும்னா முதல்ல உள்ளே தங்கணும் மாமா. குடலோட உள்சுவர்ல ஒட்டிக்கணும். இல்லேன்னா குடிச்ச சாயாவோட சேர்ந்து அதுவும் போயிரும்."

ஆட்டுக்குடல் துண்டின் மேல் அதை விட்டு வைப்பாள். பிறகு அலசி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். அலசிய பிறகும் நிற்பதுதான் ஒட்டியது.

குடல் கொண்டுபோவது என் பொறுப்பு. சுள்ளிக்கல்லில் கறிக்கடை வைத்திருக்கும் அலாவுதீன் வீட்டில் வாங்கி, தூக்குப் பாத்திரத்தில் ஐஸ் போட்டு பஸ் ஏறுவேன். களமசேரி வரை என் பக்கத்தில் ஒருவரும் உட்கார மாட்டார்கள். ஒருமுறை டிரைவரே இறங்கி அடுத்த பஸ்ஸில் வந்தார்.

ஆனால் ஒட்டவில்லை. மாதக்கணக்கில் ஒட்டவில்லை. அவளுடைய வழிகாட்டி அனந்தநாராயணன் பாலக்காட்டுக்காரர், கறார்ப் பேர்வழி.

"ஒட்டற குணமே அதுக்கு இல்லையாக்கும். மார்ச்சோட உதவித்தொகை முடியறது. இதை மூட்டை கட்டி வச்சுட்டு வேற வேலை பாரு."

மூன்று வருஷ உழைப்பு. அன்று எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவள் தயிரைக் கோபத்தோடு தள்ளி வைத்தாள். "இதைப் பார்த்தாலே தேஷ்யமா வருது மாமா."

அந்த வாரம்தான் மட்டாஞ்சேரி வட்டாரமே வறண்டது. எங்கோ பெரிய குழாய் உடைந்துவிட்டதாம். சரி, உடைத்தது நான் இல்லை. ஆனாலும் என் கை பட்ட வால்வுகள். என் மனசு அறிந்து நடக்கும்.

அலாவுதீன் மனைவி சகீலா அன்று பாத்திரத்தை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னிக்கு மட்டும் பொறுத்துக்கோங்க வேலண்ணே. குழாயில ஒரு சொட்டு வெள்ளமில்ல. வெட்டினதை அப்படியே வச்சிருக்கேன்."

அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் மஞ்சுஷா மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"ஒட்டியிருக்கு மாமா! கூட்டங்கூட்டமா ஒட்டியிருக்கு! இத்தனை நாள் அந்தக் குடலை என்ன பண்ணினாங்க?"

இருவரும் சுள்ளிக்கல்லுக்கு ஓடினோம்.

"என்ன பண்ணுவேன் மோளே?" என்றாள் சகீலா. "சுண்ணாம்பு தடவி, கத்தியால சுரண்டி, உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்ச்சு, பூ மாதிரி வெளுப்பாக்கித்தான் தந்தேன்."

"பச்சையா வேணும்னு சொன்னேனே இத்தா!"

"பச்சையாத்தானே தந்தேன்? வேக வச்சா தந்தேன்? புரொபசர்மாரு முன்னாடி வழுவழுன்னு போனா, எவ கழுவின கொடலுன்னு கேக்க மாட்டாங்களா?"

மஞ்சுஷா அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அந்த வழுவழுப்புதான் விஷயம். குடலின் உள்சுவரை ஒரு சளிப்படலம் மூடியிருக்கிறது. பாக்டீரியாவின் மேல்பக்கத்தில் கொக்கிபோலச் சில புரதங்கள் இருக்கின்றன; அவை பிடித்துக்கொள்வது அந்தப் படலத்தை.

"பஸ்ஸுல கம்பியெல்லாம் கழட்டிட்டு, பிடிச்சு நில்லுன்னா எதைப் பிடிக்கும் மாமா?"

மஞ்சுஷாவோடு போய், தண்ணீர் நின்றதால்தான் ஒட்டியது என்று அனந்தநாராயணனிடம் நானே சொன்னேன். அவர் மசியவில்லை. "குழாய்ல தண்ணி வரலை, அதனால ஒட்டித்தாம்! நல்ல கதை. கழுவாத குடல்ல ஆட்டோட பாக்டீரியாவே ஆயிரம் இருக்கும். நீ பார்த்தது அதையாக்கும்."

"அப்ப நீங்களே பாருங்க சார்," என்றாள் அவள்.

பார்த்தார். சகீலா சுரண்டிய துண்டு ஒன்று, கழுவாத துண்டு இரண்டு. கழுவாததில் ஒன்றின் மேல் மட்டும் மஞ்சுஷாவின் பாக்டீரியாவை விடவில்லை. மூன்றையும் தன் கையாலேயே அலசினார், சாயம் ஏற்றினார். நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, நகத்தை முழங்கை வரை கடித்துக்கொண்டிருந்தேன்.

சுரண்டியதில் அங்கொன்று இங்கொன்று. பாக்டீரியா விடாததில் ஏதோ கொஞ்சம். மூன்றாவது துண்டைப் பார்க்கக் குனிந்தவர் நிமிரவே இல்லை. மஞ்சுஷா மேஜை விளிம்பைப் பிடித்தபடி நின்றாள்.

கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஒட்டியிருக்காக்கும். தண்ணி வராததாலதான் தெரிஞ்சது, கேட்டேளா. நீங்க சொன்னது நடந்திருக்கு வேலன்."