குட்டி கெடைச்சுதா?

பழவேற்காடு நூலகத்துக்கு மாற்றலாகி வந்த நூலகர் குணசுந்தரி, பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுக்க ஒரு நிபந்தனை வைத்தார். வீட்டில் யாருக்காவது அதை வாசித்துக் காட்ட வேண்டும். கேட்டவர் சனிக்கிழமை நேரில் வந்து கதையைச் சொன்னால்தான் அடுத்த புத்தகம்.

சிறுமி வசந்தா எடுத்துப்போயிருந்தது, ரயிலைத் துரத்திப் போகும் ஓர் ஆட்டின் கதை. அம்மா நண்டு விற்கப் பொன்னேரிக்குப் போய்விட்டதால், அப்பா சுப்பனைத்தான் இழுத்து வந்தாள். அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏரியில் தண்ணீர் இறங்கும் நேரம். எல்லாரும் சேற்றில் கையால் இறால் தடவிப் பிடிக்க இறங்கியிருப்பார்கள். டச்சுக் கல்லறைப் பக்கத்து ஜன்னலைப் பார்த்தபடி உட்காருவதும் எழுவதுமாக இருந்தார்.

குணசுந்தரி அவரைக் கதை சொல்லச் சொன்னார். மகள் வாசித்தபோது சுப்பன் எதையும் காதில் வாங்கியிருக்கவில்லை. அட்டைப்படத்தைப் பார்த்துச் சமாளித்தார்: ஆடு வழி தவறிப்போச்சு, ஓநாய் வந்து தின்னுடுச்சு.

"அதுல ஓநாயே இல்ல, நைனா," என்றாள் வசந்தா மெதுவாக.

பின்னாலிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். குணசுந்தரி கோபப்படவில்லை, அதே புத்தகத்தை இன்னொரு வாரம் வைத்துக்கொள்ளச் சொன்னார். அதற்குள் சுப்பன் வெளியேறியிருந்தார்.

வசந்தாவும் பின்னாலேயே போனாள். ஏரிக்கரைக்கு வந்ததும் அவர் இறால் போடும் பறியை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். முழங்கால் நனைந்ததும் திரும்பிப் பார்த்தார். புத்தகத்தை அணைத்துக்கொண்டு அவள் அங்கேயே நின்றிருந்தாள்.

"எனக்குக் குந்திக்கினு கேக்க வராது, கண்ணு. அங்கேர்ந்தே படி. சத்தமா படி."

அவள் படித்தாள். அவர் சேற்றைத் தடவியபடி நகர, அவளும் கரையோடு நகர்ந்தாள். எட்டிப் போனால் குரலை உயர்த்தினாள். அருகே தடவிக்கொண்டிருந்த அவருடைய அக்கா ராஜம்மாவின் கை நின்றது. மற்றவர்களும் கரைப் பக்கம் ஒதுங்கினார்கள். குட்டியை ஏற்றிப்போன ரயிலைத் தேடி ஆடு மூன்றாவது ஸ்டேஷனுக்கு வந்தபோது காற்று தாள்களைப் புரட்டிவிட்டது. வசந்தா விட்ட இடத்தைத் தேடினாள்.

"பொறவு இன்னா ஆச்சு? குட்டி கெடைச்சுதா?" என்றாள் ராஜம்மா.

சுப்பனுக்குப் பொறுக்கவில்லை. தண்ணீரை வாரியிறைத்துக்கொண்டு கரையேறி, ஈரக் கை படாமல் எட்டிப் பார்த்தார். எழுத்து தெரியாவிட்டாலும் ஸ்டேஷன் படம் தெரிந்தது. "தோ, இது தானே?" என்று காட்டினார். முடியும்வரை அவர் தண்ணீருக்குத் திரும்பவில்லை. அன்று யாருடைய பறியும் பாதிகூட நிரம்பவில்லை.

அடுத்த சனிக்கிழமை ராஜம்மாவும் இன்னும் சிலரும் கூடவே வந்தார்கள். சுப்பன் மேசைக்கு முன்னால் நடந்துகொண்டே கதை சொன்னார். அவர் தடுமாறிய இடத்தில் ராஜம்மா எடுத்துக்கொடுத்தாள். குட்டியைக் கண்டதும் ஆடு அழுததா இல்லையா என்று இருவருக்கும் தகராறு வந்தது. வசந்தா பக்கத்தைத் திறந்து வாசித்துத் தீர்த்துவைத்தாள். அழவில்லை, குட்டியை நக்கிக்கொடுத்தது.

குணசுந்தரி அடுத்த புத்தகம் எடுக்க வசந்தாவை அலமாரிக்கு அனுப்பினார். அவள் தேடிக்கொண்டிருக்கையில், ஒன்றாம் வகுப்பில் படிக்கும் தன் பேரன் பெயரையும் பதியச் சொல்லி ராஜம்மா மேசையருகே போய் நின்றாள்.