ரம்லத் சொல்லிக்கொடுத்த பதில்கள்

சிகாபுதீனுக்குக் காது மந்தமானதில் ரம்லத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று எவராவது சொல்லியிருந்தால், அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்கு வந்திருப்பாள். காதைக் கெடுத்தது அரிசி ஆலை. முப்பது வருஷம் அந்த இரைச்சலுக்குள் நின்றுவிட்டு, அப்புறம்தான் மட்டாஞ்சேரி பஜாரில் சொந்தமாக அரிசி மண்டி வைத்தார் மனுஷன். அதில் ரம்லத்தின் குற்றம் ஒன்றும் கிடையாது.

ஆனால் காது மந்தமான பிறகு நடந்தது வேறு கதை. யார் எது கேட்டாலும் அவர் திரும்பி ரம்லத்தின் முகத்தைப் பார்ப்பார். பதிலை ரம்லத் சொல்லிவிடுவாள். மீன்காரனுக்கும் அவள்தான் பதில், பள்ளிவாசலில் இருந்து வருகிறவர்களுக்கும் அவள்தான். எங்கே வலிக்கிறது என்று டாக்டர் அவரைக் கேட்டால், முட்டியில் என்று இவள் சொல்லுவாள். வலி என்னவோ இடுப்பில்தான் இருக்கும். அவள் பக்கத்தில் இல்லாத நேரங்களில் அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். ஆறு வருஷம் இப்படியே ஓடிவிட்டது. அறுபத்தேழு வயதில் அவரைப் போல மரியாதையாகத் தலையாட்டுகிற ஆள் பஜாரில் இல்லை என்று பேரும் வாங்கிவிட்டார்.

மகள் நௌரினுக்கு ஆலுவாவில் மாப்பிள்ளை முடிவாகி, நிக்காஹுக்கு எட்டு வாரம் இருக்கும்போது, சிகாபுதீனின் தம்பி அல்தாஃப் வந்தார். சாயாவைக் குடித்துவிட்டு மெல்ல விஷயத்தை எடுத்தார்.

"மதினி, வக்கீலா நான் நின்னுக்கிறேன். அண்ணனுக்கு எதுக்கு வீண் கஷ்டம்?"

வக்கீல் என்றால் இங்கே கோர்ட்டு வக்கீல் இல்லை. நிக்காஹ் ஓதுவதற்கு முன்னால், வக்கீலாக இருப்பவர் இரண்டு சாட்சிகளோடு பெண் இருக்கும் அறைக்குப் போய், இன்னார் மகனை இன்ன மஹருக்கு, அதாவது மாப்பிள்ளை தரும் மணக்கொடைக்கு, மணக்கச் சம்மதமா என்று அவளிடம் கேட்க வேண்டும். அவள் சொல்லும் பதிலைக் காதால் கேட்டு வந்து சபையில் சொல்ல வேண்டும். அவர்கள் குடும்பத்தில் பெண்ணைப் பெற்றவர்தான் அதற்குப் போவது வழக்கம். அறை நிறையப் பெண்கள் இருப்பார்கள், ஆளுக்கொரு பக்கம் பேசுவார்கள். கல்யாணப் பெண் தலையைக் குனிந்துகொண்டு ஈயின் குரலில் சொல்லுவாள். அல்தாஃப் சொன்னதில் தப்பே இல்லை.

சிகாபுதீனுக்குத் தம்பியின் பேச்சு பாதிதான் விழுந்திருக்கும். ஆனால் தம்பி தன்னைப் பார்க்காமல் பேசியதிலேயே மீதியைப் புரிந்துகொண்டார். கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார்.

"எம் பொண்ணுகிட்ட நான்தான் கேப்பேன். அவ சொல்றத நான்தான் கேட்டுட்டு வருவேன்."

அந்த வாரமே ரம்லத் அவரைப் படகில் ஏற்றி எர்ணாகுளத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு காது பரிசோதனைக் கூடத்தில் ஸுப்ரியா என்று ஒரு பெண். பாலக்காட்டுப் பெண், நன்றாகத் தமிழ் பேசினாள். சிகாபுதீன் சட்டைப் பையிலிருந்து காதுக் கருவிகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். வாங்கி மூன்று வருஷம் ஆகிறது, போட்டுக்கொண்டது மூன்று வாரம்கூட இல்லை.

"இதப் போட்டா எல்லாம் சத்தமாக் கேக்குது. ஆனா ஒண்ணும் பேச்சாக் கேக்கல," என்றார்.

"அதுதான் அங்கிள் விஷயமே," என்றாள் ஸுப்ரியா. "கருவி சத்தத்த உள்ள கொண்டுபோய் விடும். அதுல எது பேச்சு, எது லாரின்னு பிரிக்கறது மூளையோட வேலை. ரொம்ப நாள் நல்லாக் கேக்காம இருந்ததுல அந்த வேலை பழக்கம் விட்டுப்போயிடுத்து. பழக்கினா கொஞ்சம் திரும்பி வரும். காது புதுசா ஆயிடாது, அத இப்பவே சொல்லிடறேன்."

பயிற்சி டேப்லெட்டில் இருந்தது. பஸ் இரைச்சலுக்கும் கல்யாண வீட்டுக் கூச்சலுக்கும் நடுவே ஒரு குரல் ஒரு வாக்கியம் சொல்லும். கீழே வருகிற நான்கு வாக்கியங்களில் அது எது என்று தொட வேண்டும். சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு. கருவியைப் போட்டுக்கொண்டு தினம் அரைமணி நேரம், எட்டு வாரம்.

முதல் நாள் நாற்பதில் பதினொன்று வந்தது. சிகாபுதீன் டேப்லெட்டைக் குப்புறப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். ரம்லத் அந்த முதுகைப் பார்த்தாள். ஊரே மதிக்கிற ஆளை ஒரு சிவப்புப் பெருக்கல் குறி இப்படித் தலைகுனிய வைக்குமா?

மறுநாளிலிருந்து அவள் அவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். சும்மா துணைக்குத்தான். ஆனால் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது தாய் தன் வாயைத் திறப்பாளே, அதுபோல டேப்லெட் ஒரு வாக்கியத்தைச் சொன்னதும் ரம்லத்தின் உதடு அதைத் தானாக முணுமுணுத்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர் சரியான விடையைத் தொட்டார். பச்சை விழுந்தது. இரண்டு பேருமே சிரித்தார்கள்.

அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசினால்தானே அது திருட்டு! இருபத்தைந்து வந்தது, முப்பது வந்தது, முப்பத்தேழுகூட வந்தது. நௌரின் ஆபீஸிலிருந்து வந்ததும் மார்க்கைக் காட்டினார். அவள் அத்தாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். ரம்லத் அல்தாஃபுக்கு ஃபோன் போட்டு, வேறு ஏதோ பேசுவது போல மார்க்கைச் சொன்னாள்.

நாலு வாரம் முடிந்து மறுபடி எர்ணாகுளம். ஸுப்ரியா டேப்லெட்டிலிருந்த மார்க்கைப் பார்த்து அசந்துபோனாள். அவரை மட்டும் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து அதே மாதிரி சோதித்துப் பார்த்தாள். நாற்பதில் பன்னிரண்டு.

"வீட்டுல எப்படி உக்காந்து பண்ணுவேள்? எனக்குக் காட்டுங்கோ," என்றாள்.

காட்டினார்கள். இரண்டாவது வாக்கியத்திலேயே ஸுப்ரியாவுக்குப் புரிந்துவிட்டது. முதலில் சிரித்தாள். பிறகு ரம்லத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, நீங்க நன்னாப் பாஸாயிட்டேள். அங்கிள் இன்னும் படிக்கவே ஆரம்பிக்கலை. உதட்டைப் பாக்கறது நல்லதுதான், மத்த நேரம் பாக்கட்டும். ஆனா கல்யாணப் பொண்ணு தலையைக் குனிஞ்சுண்டுன்னா இருப்பா? அவ உதட்டை எங்க போய்ப் பாப்பார்?"

திரும்பும் படகில் சிகாபுதீன் கருவிகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மட்டாஞ்சேரி கரை தெரிகிற வரைக்கும் பொறுத்துப் பார்த்த ரம்லத் ஓவென்று அழுதுவிட்டாள்.

"எல்லாம் என்னாலதான். ஒரு மாசத்தப் பாழாக்கிட்டேன்."

அழுவது தெரிந்தது, சொன்னது விழவில்லை. இருந்தாலும் அவருக்கு அது புரியாமல் இல்லை. "நீ மட்டும் பண்ணியா? நாந்தானே திருட்டுப் பூனை மாதிரி ஒம் மூஞ்சியப் பாத்தேன்," என்றார். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னார். பிறகு அவள் கண்ணைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். முப்பத்தாறு வருஷத்தில் வெளியிடத்தில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அவரே அவளுடைய நாற்காலியைத் தூக்கித் தன் முதுகுக்குப் பின்னால் போட்டார். டேப்லெட் பயிற்சி முடிந்ததும் இன்னொரு அரைமணி நேரம் அவள் பேச வேண்டும், மெதுவான குரலில், சமையலறை ஃபேனும் ரேடியோவும் ஓட. தெருவில் லாரி வந்தால் இன்னும் நல்லது. அவள் சொல்வதை அவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.

முதலில் அவள் பேப்பரிலிருந்து வாசித்தாள். இரண்டு நாளில் அது சலித்துப்போயிற்று. அப்புறம் வாயில் வந்ததைச் சொல்லத் தொடங்கினாள். முதுகைப் பார்த்துப் பேசுவது அவளுக்கு ரொம்பச் சுலபமாக இருந்தது.

"போன வெள்ளிக்கெழம நீங்க வாங்கிட்டு வந்த அயலை கெட்டுப்போனது. பூனைக்குப் போட்டுட்டேன்."

"வெள்ளிக்கெழம… அயலை… பூனைக்கு…" சிகாபுதீன் சட்டென்று திரும்பினார். "அப்ப அன்னிக்கி நான் சாப்ட்டது என்ன?"

"திரும்பக் கூடாது! அது ஒங்க தம்பி பொண்டாட்டி குடுத்துவிட்டது."

இன்னொரு நாள் ரம்லத் சொன்னாள். "பயிற்சிக்குன்னு நீங்க மண்டிக்குப் போகாம வீட்டுலயே இருக்கறது எனக்குப் பிடிச்சிருக்கு. அத இதுவரைக்கும் சொன்னதில்ல."

அவர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள். நாலாவது தடவை அவர் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துக் கோத்துத் திருப்பிச் சொன்னார். சொல்லி முடித்தபின் எழுந்துபோய் ரேடியோவை அணைத்தார். அன்றைக்குப் பயிற்சி அவ்வளவுதான்.

நிக்காஹுக்கு இரண்டு நாள் முன்பு கண்ணாடி அறையில் இருபத்திரண்டு வந்தது. திருடாத இருபத்திரண்டு. "பாதிக்கு மேல வந்தாச்சு," என்றாள் ஸுப்ரியா. மீதிப் பாதியை நினைத்து ரம்லத்துக்குத் தூக்கம் போயிற்று. போதாத குறைக்கு சிகாபுதீன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "அன்னிக்கி நீ எனக்கு எதயும் சொல்லிக் குடுக்கக் கூடாது. நான் தோத்தாலும் சரி."

அன்று மண்டபத்தின் பெண்கள் அறையில் முப்பது பேராவது இருந்தார்கள். இரண்டு ஃபேன் கடகடவென்று ஓடின. நௌரினை ஒட்டி, தோளோடு தோள் இடிக்க, ரம்லத் உட்கார்ந்திருந்தாள். சிகாபுதீன் கருவிகளை மாட்டிக்கொண்டு, இரண்டு சாட்சிகளும் அல்தாஃபும் பின்னால் வர, உள்ளே வந்து மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். நிக்காஹ் புத்தகம் மடியில் இருந்தது.

"மோளே, ஆலுவா ஹபீப் மகன் சஃப்வானுக்கு, பேசின மஹருக்கு, ஒன்ன நிக்காஹ் செஞ்சு குடுக்க ஒனக்குச் சம்மதமா?"

அறை கொஞ்சம் அடங்கியது. நௌரின் தலை இன்னும் தாழ்ந்தது. அவள் தோள் குலுங்குவது ரம்லத்தின் தோளுக்குத் தெரிந்தது. சத்தம் ஒன்றும் வரவில்லை. ரம்லத்துக்குத் தெரியும், மகள் வாயே திறக்கவில்லை.

"சொல்லிட்டா, சொல்லிட்டா," என்று பின்னாலிருந்து ஒரு கிழவி ஆரம்பித்தாள். உடனே பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள். பேச்சு மறுபடி கிளம்பியது. அல்தாஃப் குனிந்து அண்ணனின் தோளைத் தொட்டார். "சொல்லிட்டா அண்ணே. வாங்க, அங்க நிக்காஹ் ஓத ஹஸ்ரத் காத்துக்கிட்டு இருக்காரு."

சிகாபுதீன் தலையை நிமிர்த்தி ரம்லத்தைப் பார்த்தார். ஆறு வருஷமாகப் பார்க்கிற அதே பார்வை.

இல்லை என்று ரம்லத் தலையை ஒரு தடவை அசைத்தால் போதும். அசைக்காவிட்டால் மனுஷன் எல்லோரும் சொல்வதைக் கேட்டு, வழக்கம் போலத் தலையாட்டிவிட்டு எழுந்து போய்விடுவார். மகள் சொல்லாத ஒன்றைச் சபையில் போய்ச் சொல்லுவார். ரம்லத் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு, கண்ணைத் தாழ்த்திப் பாயைப் பார்த்தாள்.

"இல்ல," என்றார் சிகாபுதீன். "அவ சொல்லல."

"எல்லாரும் கேட்டாங்க அண்ணே."

"பொண்ணு பேசாம இருந்தாலும் சம்மதந்தான் காக்கா, மார்க்கத்துல அதுக்கு எடமுண்டு," என்றார் சாட்சிகளில் ஒருவர்.

"இருக்கட்டும். எனக்குக் காது மந்தந்தான். ஆனா எம் பொண்ணு இன்னும் வாயத் தொறக்கல. அவ சொல்லி நான் கேக்காம இங்கருந்து எந்திரிக்க மாட்டேன்."

சிலர் சிரித்தார்கள். யாரோ குழந்தையை அதட்டினார்கள். அந்தச் சந்தடியில் நௌரினின் முக்காட்டுக்குள்ளிருந்து என்னவோ வந்தது. அழுகையா பேச்சா என்று ரம்லத்துக்குப் பிடிபடவில்லை. சிகாபுதீன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு திறந்தார்.

"தொண்ட அடைக்கத்தான் செய்யும் மோளே, அதுக்கு எதுக்கு மன்னிப்புக் கேக்குறே? சம்மதம்னு சொன்னியே, அது போதும்," என்றவர் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். சபைக்குப் போகும்போது அவர் முதுகு நிமிர்ந்திருந்தது.

ரம்லத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மகளைக் கட்டிக்கொண்டு காதோரம் குனிந்தாள்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலியே. என்னடி சொன்னே?"

"அதான் அத்தா சொன்னாங்களே அம்மா," என்றாள் நௌரின்.