கீழே வைத்த கோப்பை

ஹத்தா மலையிலிருந்து துபாய்க்கு வண்டியில் ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரமும் கல்தம் வாயை மூடவில்லை. எழுபத்தொரு வயதிலும் குரல் தேயவில்லை. தம்பி ஓட்டுகிற லட்சணத்தைக் குறை சொல்லிக்கொண்டே வந்தாள்.

"லாரிக்காரனுக்கெல்லாம் வழி விடுறியே, அவன் உனக்கு மச்சானா?"

"சும்மா வாக்கா. முப்பது வருஷம் தண்ணி லாரி ஓட்டினவன் நான்."

"அதான் தெரியுதே. இன்னும் லாரின்னு நெனச்சுத்தான் இதையும் ஓட்டுற."

ரவுண்டானாவில் முன்னால் நின்ற கார் ஒன்று போவதா வேண்டாமா என்று தயங்கியது. "போய்த் தொலையேன்டா! உபைது மாதிரி நிக்கிறான் பாரு," என்றாள் கல்தம்.

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கல்ஃபான் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இந்தப் பேச்சு அவனுக்குப் புதிதில்லை. ஓடையைத் தாண்டப் பயப்படும் ஆடும், கிளம்ப மறுக்கும் மோட்டாரும், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத சொந்தக்காரனும் அவளுக்கு உபைதுதான். பெண் கேட்டு வருகிறேன் என்று அவளுக்குக் கிணற்றடியில் வாக்குக் கொடுத்துவிட்டு, வாசற்படி மிதிக்கத் தைரியமில்லாமல் போனவன். அடுத்த மாதமே மலையோடையில் வந்த வெள்ளம் அவனை வண்டியோடு அடித்துக்கொண்டு போயிற்று. செத்தவன் என்றும் அவள் அவனை விட்டுவைக்கவில்லை. வேறு யாரையும் கட்டிக்கொள்ளவும் இல்லை. தம்பி வீட்டிலேயே இருந்தாள். தம்பி மனைவி கண்ணை மூடிய பிறகு அவன் பிள்ளைகள் நான்கு பேரையும் வளர்த்து ஆளாக்கினாள்.

உபைது வந்தான். அது உயிரோடு இருப்பவர்களில் கல்ஃபான் ஒருவனுக்குத்தான் தெரியும்.

கடற்கழி ஓரத்துப் பழைய வீட்டை விற்றுவிட்டு மலைக்குப் போனதிலிருந்து அவன் அந்தத் தெருவில் கால் வைத்ததில்லை. ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு என்று எத்தனையோ தடவை துபாய்க்கு வந்திருக்கிறான். அந்தத் தெருவை மட்டும் சுற்றிக்கொண்டு போய்விடுவான். இப்போது அந்த வீடு எட்டு அறைகள் கொண்ட ஆடம்பர ஹோட்டல். கடைசி மகள் அஃப்ராதான் அதற்கு மேலாளர். "வாப்பா, மாமிய கூட்டிட்டு வாங்க, ஒரு தடவையாவது வந்து பாருங்க" என்று மூன்று வருஷமாகக் கூப்பிட்டாள். போனவாரம் கல்தம் போனைப் பிடுங்கி, "வியாழக்கிழமை வர்றோம்டி" என்று சொல்லிவிட்டாள். அதற்கு மேல் அவனால் என்ன செய்ய முடியும்?

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த நேரம் உள்ளே நுழைந்தார்கள். அந்த வெயிலுக்கு அப்புறம் உள்ளே பிணக்கிடங்கு மாதிரி குளிர்ந்தது. வீட்டுக்குள் காற்றை இறக்கும் காற்றுக் கோபுரத்தின் வாயைக் கண்ணாடி வைத்து அடைத்திருந்தார்கள். கிணற்றுக்கும் கண்ணாடி மூடி. உள்ளே மஞ்சள் விளக்கு. கல்தம் குனிந்து பார்த்தாள். அந்தக் காலத்துப் பெண்கள்போல அவள் முகத்தில் கட்டியிருந்த முகமூடியின் தங்கப் பூச்சில் வெளிச்சம் பட்டது. கிணற்று விளிம்பை ஒரு தடவை தடவிவிட்டு நகர்ந்தாள்.

"வெள்ளாட்டைக் கட்டின இடத்துல சோபா போட்டிருக்கியேடி," என்றாள் அஃப்ராவிடம்.

"அந்த சோபாவுல உக்கார இத்தாலியில இருந்து ஆள் வருது மாமி."

"வரட்டும், வரட்டும். ஆட்டு வாடை இன்னும் போகலைன்னு சொல்லு."

விருந்தாளிகளை உட்கார வைக்கும் மஜ்லிஸ் அறையை மட்டும் பழையபடியே வைத்திருந்தார்கள். சுவரோரம் சிவப்புத் திண்டுகள், நடுவில் கரி அடுப்பு, பித்தளைக் கூஜாக்கள். அஃப்ரா அப்பாவைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய்க் கதவுக்கு நேரே இருந்த நடுத் திண்டில் உட்கார வைத்தாள். அவனுடைய வாப்பா உட்காரும் இடம் அது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் முட்டி மடங்கிவிட்டது.

கஹ்வா காப்பி ஊற்ற நேபாளத்து ஆள் ஒருவன் வந்தான். அரபிகளின் நீள அங்கியான கந்தூரா அணிந்து, இடுப்பில் குத்துவாள் செருகியிருந்தான். கல்தம் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "குளிச்சுட்டுத் துண்டு சுத்தின மாதிரி இருக்கு. ஆனா ஊத்துற கை சரியாத்தான் இருக்கு, பொழச்சுக்குவான்." கோப்பையில் தங்கத் தாள் தூள் மிதந்தது. "இதையும் திங்கணுமாடி?" என்று கேட்டுவிட்டு ஊதி ஒதுக்கினாள்.

அவன் மூன்று பேருக்கு ஊற்றினான். கல்ஃபான் நிமிர்ந்தபோது நான்காவது கோப்பை ஒன்று தெரிந்தது.

கதவோரம், ஒட்டகத் தோல் விரிப்பின் முனையில், தரையில் இருந்தது. நிறைந்திருந்தது. ஆவி வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஒருவன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மண் நிறக் கந்தூரா, தோளில் மடித்த துண்டு, ஒல்லியான மணிக்கட்டு. இருபத்தைந்து வயசு இருக்கும். கோப்பையைப் பார்க்கவில்லை. நடுத் திண்டில் உட்கார்ந்திருப்பவனை, அதாவது கல்ஃபானை, மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

"அஃப்ரா, அங்க யாரும்மா?"

"எங்க வாப்பா? யாரும் இல்லையே. ஏசி அதிகமா இருக்கா, குறைக்கச் சொல்லட்டுமா?"

உபைது. பெண் கேட்டு வந்த அன்றைக்கும் அவன் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். வாப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்து பார்வை போய்விட்டிருந்தது. கஹ்வா ஊற்றியது கல்ஃபான். ஏதாவது கேட்டு வருகிறவன் கோப்பையை வாங்கி, குடிக்காமல் தரையில் வைப்பான். வீட்டுக்காரன் அதைப் பார்த்து, "குடிப்பா, உன் காரியம் ஆச்சு" என்று சொன்ன பிறகுதான் குடிப்பான். வாயைத் திறந்து அவனாகக் கேட்பது கேவலம். குடிக்காமல் அவனை எழுந்து போகவிட்டால் அது வீட்டுக்காரனுக்குக் கேவலம். பார்வையில்லாத வாப்பாவுக்கு அதைச் சொல்ல வேண்டியது ஊற்றுகிறவன்தான்: வந்தவர் கோப்பையைக் கீழே வெச்சிருக்கார், வாப்பா.

கல்ஃபானுக்கு அப்போது இருபத்தொன்று. எண்ணெய்க் கப்பலில் வேலை கிடைத்திருந்தது. அக்கா போய்விட்டால் கண் தெரியாத கிழவருக்கு ரொட்டி சுட்டுப் போட யார் இருக்கிறார்கள்? அவன்தான் இருந்தாக வேண்டும். குனிந்து அந்த நிறைந்த கோப்பையை எடுத்தான். கஹ்வாவை வாசல் மணலில் கொட்டினான். "குடிச்சு முடிச்சு, போதும்னு கோப்பையை ஆட்டிட்டாரு வாப்பா," என்றான்.

உபைது பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டு மகனே எடுத்துக் கொட்டிவிட்டான். அதைவிடத் தெளிவாக யாரும் பதில் சொல்ல முடியாது. உங்கள் வீடு நல்லா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அந்தக் கப்பல் வேலைக்குக் கல்ஃபானும் போகவில்லை. அடுத்த மாதம் வெள்ளத்தில் எடுத்த உடலைப் பார்த்த பிறகு, ஊரைவிட்டுப் போகக் கால் வரவில்லை.

இப்போது கல்ஃபான் உதட்டை அசைக்காமல் முணுமுணுத்தான். "குடி. உன் காரியம் ஆச்சு. குடிச்சுட்டுப் போயிடு."

கதவோரம் இருந்தவன் அசையவில்லை. கோப்பையில் ஆவி நிற்கவில்லை. பார்வை மட்டும் கல்ஃபானை விட்டு மெல்ல நகர்ந்து பக்கத்தில் போய் நின்றது. அங்கே கல்தம் பேரீச்சம்பழத்தின் கொட்டையைத் துப்பிக்கொண்டிருந்தாள்.

அவனுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் அக்காதான் என்பது கல்ஃபானுக்குப் புரிந்தது.

"என்னடா முணுமுணுக்கிற? கிழவனாயிட்டியா?" என்றாள் கல்தம்.

"அக்கா."

"சொல்லு."

"உபைது வந்தான்க்கா."

"எந்த உபைது?" சிரித்தாள். "பக்கத்து வீட்டு ஹமதானோட நகராத கழுதையா?"

"உன்னைக் கேட்டு வந்தான். கோப்பையைக் கீழ வெச்சான். நான் எடுத்துக் கொட்டிட்டேன். வாப்பாகிட்ட, போதும்னு ஆட்டிட்டான்னு பொய் சொன்னேன்."

நேபாளத்து ஆளுக்கு அரபி முழுதாகப் புரியாவிட்டாலும் கூஜாவோடு மெல்ல வெளியே போய்விட்டான். அஃப்ரா வாயில் கை வைத்தாள். முகமூடிக்குப் பின்னால் கல்தத்தின் கண்கள் சிமிட்டவே இல்லை.

"வாப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"உன் பொண்டாட்டிக்கு?"

"யாருக்கும் தெரியாதுக்கா."

"அப்போ ஒருத்தனுக்குத் தெரிஞ்சிருக்கு. நாப்பத்தெட்டு வருஷமா என் கையால ஆக்கித் தின்னவனுக்கு."

"இல்லக்கா, நான் தினமும் சொல்லணும்னுதான்…"

"எங்க உக்காந்திருந்தான்?"

அவன் கையைக் காட்டினான். கல்தம் சுவரைப் பிடித்து எழுந்தாள். பிடித்துக்கொள்ள வந்த அஃப்ராவைத் தள்ளிவிட்டாள். கதவோரம் போய், விரிப்பின் முனைக்கு ஒரு முழம் இப்பாலேயே நின்றுவிட்டாள். ஆள் இருக்கும் இடத்துக்கு வழிவிடுகிறவள்போல் அங்கியின் ஓரத்தை ஒதுக்கிக்கொண்டு அங்கேயே மடங்கி உட்கார்ந்தாள்.

கல்ஃபான் பார்த்தான். எதிரே உபைது இல்லை. கோப்பையும் இல்லை. வெறும் விரிப்பு. ஆனால் கல்தம் அந்த இடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தலை லேசாகச் சாய்ந்திருந்தது, யாரோ மெதுவாகப் பேசுவதைக் கேட்பவள்போல.

"மாமி?" என்றாள் அஃப்ரா, பயந்துபோய்.

"எனக்கு இங்க ஒரு ரூம் போடுடி. இல்லேன்னா இங்கயே ஒரு பாய் போடு."

"எப்போ வந்து கூட்டிட்டுப் போகட்டும்க்கா?" என்று கேட்டான் கல்ஃபான்.

அவள் திரும்பவில்லை. "நீ போ."

அவன் தனியாக மலைக்கு ஓட்டினான். வழியெல்லாம் லாரிகள் முந்திக்கொண்டு போயின. வீட்டுக்கு வந்து ஆடுகளை அடைத்தான், தொழுதான், எதுவும் தின்னாமல் படுத்தான்.

விடியற்காலையில் அடுப்பங்கரையில் ரொட்டிக் கல் ஏற்றும் சத்தம் கேட்டது. மாவைத் தட்டும் சத்தம், அப்புறம் அவள் இருமும் சத்தம். நிம்மதியாகக் கண்ணை மூடினான். எப்படியோ வந்துவிட்டாள், யார் கொண்டுவந்து விட்டார்களோ என்று நினைத்தான். அப்புறம் எழுந்து போய்ப் பார்த்தான். அடுப்பங்கரையில் யாரும் இல்லை. ரொட்டிக் கல் சுவரில் சாய்ந்திருந்தது. தொட்டான், சில்லென்று இருந்தது. மாவுப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்தபடியே கிடந்தது.

கல்ஃபான் அங்கேயே தரையில் உட்கார்ந்தான். முதுகுக்குப் பின்னால் மறுபடியும் மாவு தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கியது.