இருபதாம் எண் தகடு

ஓஸ்தாப் மாமாவின் பட்டறையில் பழைய லாரிகளின் ஸ்பிரிங் பட்டையை வெட்டி, காய்ச்சி, எண்ணெயில் முக்கி, ஒரு நடைக்கு குண்டு தடுக்கும் இருபது மார்புத் தகடுகள் செய்வார்கள். வரிசையாக எண் குத்தி, ஒன்றாம் எண்ணை மட்டும் ஜிதோமிர் நகருக்கு வெளியே கல் குவாரியில் வைத்துத் துப்பாக்கியால் சுட்டுப் பார்ப்பார்கள். அது தாங்கினால் மற்றதெல்லாம் போர்முனைக்குப் போகும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சொலவடை சோற்றுக்குத்தான் பொருந்தும்.

இது இரண்டாவது நடை. பெட்டியைத் தலைகீழாக அடுக்கிவிட்டதில் மேலே இருந்தது இருபதாம் எண். வனக்காவலர் மிரோன் எண்ணைப் பார்க்காமல் அதை மண்மூட்டையில் சாத்திவைத்துச் சுட்டார். கலாஷ்னிகோவ் துப்பாக்கியின் குட்டைத் தோட்டாவுக்குப் பள்ளம் மட்டும் விழுந்தது. ஒளிந்திருந்து குறிபார்க்கிறவர்கள் போடுகிற நீளத் தோட்டாவைச் சுட்டதும் தகடு துளைபட்டு, பின்னாலிருந்த மூட்டையிலிருந்து மண் கொட்டியது.

பிறகு மற்றவற்றையும் சுட்டுப் பார்த்தார்கள். ஒன்றாம் எண் இரண்டு தோட்டாவையும் தாங்கியது. பதினான்காம் எண்ணும் தாங்கியது. பதினைந்தாம் எண் தாங்கவில்லை.

"ஒரே பீப்பா எண்ணெய்," என்றார் ஓஸ்தாப். "முதல் தகடு முங்கறப்ப சில்லுனு இருக்கும். போகப் போகக் கொதிக்குது. கடைசி ஆறும் இறுகவே இல்ல."

"போன நடையில நாம சுட்டது முதல் தகட்டை மட்டும்தான், மாமா," என்றாள், எந்தத் தகடு யாருக்கு என்று பட்டியல் வைத்திருந்த ஸொரியானா.

முதல் நடைத் தகடுகள் போய் மூன்று வாரமாகிறது. அவற்றில் இருபதாம் எண்ணை அவள் தன் தம்பி நெஸ்தோருக்குக் கொடுத்திருந்தாள். வீட்டு ஆளுக்கு முதலில் எடுத்துக்கொண்டாள் என்று யாரும் நாக்கின்மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாதே என்று, எல்லாரும் எடுத்து மிஞ்சியதைக் கொடுத்தாள்.

காருக்குள் உட்கார்ந்து, முதல் நடையில் பதினைந்தாம் எண் வாங்கியவரிலிருந்து வரிசையாகப் போன் போட்டாள். எல்லாரிடமும் அதே மூன்று வாக்கியம். இரண்டு பேர் எடுக்கவில்லை. தனக்குப் பயமோ அழுகையோ வரும் என்று பார்த்தாள், எதுவும் வரவில்லை. கடைசியாகத் தம்பி.

"உன் தகடு சரியில்லடா. நீளத் தோட்டா துளைக்குது. மாத்துத் தகடு வர ரெண்டு நாளாகும்."

"குட்டைத் தோட்டா?"

"தாங்குது."

"அப்ப குட்டையாலயே சுடுங்கப்பான்னு எதிர்ப்பக்கத்துக்கு ஒரு லெட்டர் போட்டுடறேன்."

அவள் சிரிக்கவில்லை. "ரெண்டு நாள் வெளிய போகாத."

"நாலு மணிக்குக் கிளம்பறோம்க்கா."

"யார்கிட்டயாவது வாங்கிப் போட்டுக்கோ."

"யூர்க்கோவோடது மூணாம் நம்பர். நல்லதா?"

"நல்லது."

"அவனும்தான் என்கூட வர்றான்."

குவாரியில் மிரோன் காலித் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"கழட்டிடவா, போட்டுக்கவா? நீயே சொல்லு," என்றான் தம்பி. "எட்டு கிலோ கனக்குது."

குண்டு வெடித்துத் தெறிக்கிற துண்டுகளை அது தடுக்கும் என்று அவளுக்குத் தெரியும். எதைத் தடுக்காது என்பதைச் சற்றுமுன் கண்ணாலேயே பார்த்திருந்தாள்.

"போட்டுக்கோ," என்று அதே தகட்டை அவனுக்கு இரண்டாவது முறையாகக் கொடுத்தாள்.