குழாய் எங்கே வேண்டும்?

நீலசந்திராவின் கடைசித் தெருவில் நாற்பத்தைந்து வீடுகள் இருந்தன. குழாய் இல்லை. பதினோரு வருஷமாக, வருஷத்துக்கு ஒரு மனு போயிற்று. அந்தத் தெரு சிட்டியைச் சேர்ந்தது என்று தண்டு ஆபீஸ், அதாவது வெள்ளைக்காரர்களின் கண்டோன்மென்ட் ஆபீஸ், எழுதியது. தண்டைச் சேர்ந்தது என்று சிட்டி எழுதியது. பதில்கள் வந்த பழுப்பு உறைகளை, தெருவின் ஒரு கோடியில் இருந்த பிரிஜெட் தன் வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். படம் சுவரை விட்டு முன்னால் சாய்ந்திருந்தது.

1947 ஜூலையில் வெள்ளைக்காரர்கள் தண்டை மைசூர் சமஸ்தானத்திடம் ஒப்படைத்தார்கள். ஆகஸ்டில் டில்லியில் கொடி ஏறியது. இங்கே திவான் ஆட்சிதான் நடந்தது. மக்கள் மந்திரிகள் வேண்டும் என்று செப்டம்பரில் ஊர் திரண்டது. தெருவின் மறுகோடியில், மாரியம்மன் கோயிலை ஒட்டி இருந்த மில் தொழிலாளி ரங்கா அதில் கைதாகி ஒரு மாதம் ஜெயிலில் இருந்தான். அக்டோபர் கடைசியில் மந்திரிகள் பதவிக்கு வந்தார்கள். ரங்காவும் வெளியே வந்து பன்னிரண்டாவது மனுவை எழுதினான்.

"படத்துக்குப் பின்னால இடம் இல்லடா" என்றாள் பிரிஜெட்.

இந்த முறை உறை வரவில்லை, ஆள் வந்தார். டிசம்பரில் ஒரு நாள் மதியம், அளவுச் சங்கிலியும் முளைக்குச்சிகளும் குடையுமாக சர்வேயர் சேஷகிரி தெருவில் நின்றார்.

"குழாய் எங்கே வேணும்?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. பன்னிரண்டு மனுவில் ஒன்றிலும் அதற்குப் பதில் இல்லை.

"இங்கேதான்" என்று பிரிஜெட் தன் வீட்டெதிரே சிலுவை நட்டிருந்த குருசடியைக் காட்டினாள். அவள் மருமகள் யூனிஸுக்கு ஏழாம் மாதம். அரை மைல் தள்ளியிருந்த கிணற்றிலிருந்து அவள்தான் தண்ணீர் சுமந்து கொண்டிருந்தாள்.

"கோயில் முன்னாலதான்" என்றது மறுகோடி.

"அப்பதானே கூழ் காய்ச்ச வசதி!"

"உங்க திருவிழாவுக்காக நாங்க தண்ணிக்கு அவ்வளவு தூரம் நடக்கணுமா?" என்றது குருசடிப் பக்கம்.

சேஷகிரி கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணிக்கு நான் கிளம்பணும். ஒரு இடம் சொல்லலைன்னா 'இடத் தகராறு'ன்னு எழுதிடுவேன். திரும்பிப் போன ஃபைல் மறுபடி எப்ப வருமோ, எனக்கே தெரியாது. ஏனு மாடலி? நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?"

மணி இரண்டேகால்.

"இத்தனை நாள் அவங்களைத் திட்டினோம்" என்றாள் பிரிஜெட். "இனிமே நம்மளையே திட்டிக்கணுமா?"

"கை தூக்கலாம்" என்றான் ரங்கா.

"கை தூக்க ஆம்பளைங்க வந்துடுவீங்க. தண்ணி தூக்கறது யாரு? வீட்டுக்கு ஒரு குடம். தூக்கறவங்க அவங்கவங்களுக்கு வேண்டிய இடத்துல கொண்டுபோய் வெக்கட்டும். எங்கே நிறைய குடமோ, அங்கே குழாய்" என்றாள் பிரிஜெட்.

"ஜெயிலுக்குப் போனவன் நான். எனக்கு ஓட்டு இல்லையாக்கா?"

"தூக்கறவனா இருந்தா வை."

ரங்கா ஓடிப்போய்க் குடத்தோடு வந்தான். அவன் பெண்சாதி அதைப் பிடுங்கிக்கொண்டாள். "ஒரு நாளாவது கிணத்தைப் பார்த்திருக்கியா நீ?" தெருவே சிரித்தது.

பித்தளையும் மண்ணுமாகக் குடங்கள் வரத் தொடங்கின. யூனிஸ் தன் குடத்தோடு குருசடியைத் தாண்டி நடந்தாள்.

"எங்கேடி போற? அது என் வீட்டுக் குடம்டி!"

"சுமக்கறது நான்தானே அத்தே. இங்கே மழை பெய்ஞ்சா சாக்கடை தேங்கும். வழுக்கி விழுந்தா யாரு தூக்கறது? அங்கே தரை காய்ஞ்சு கிடக்கு."

பிரிஜெட்டுக்குக் காது சிவந்தது.

சேஷகிரி குடை நுனியால் ஒவ்வொரு குடமாகத் தொட்டு எண்ணினார். கோயில் முன்னால் இருபத்து நாலு, குருசடி முன்னால் இருபத்தொன்று. பென்சிலை எடுத்தவர் எழுதாமல் பிரிஜெட்டைப் பார்த்தார். "தகராறு உண்டா அம்மா?"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஃபைல் திரும்பிவிடும். மனு எழுதப்பட்ட ஒவ்வொரு வருஷமும் முதல் கைநாட்டு வைத்தவள் அவள்தான்.

அவள் கோயில் வரைக்கும் நடந்து போய், காலால் மண்ணைத் தட்டிப் பார்த்தாள்.

"இங்கேயே முளை அடிங்க சார். ஆனா கீழே கல் மேடை போடணும். அதையும் எழுதிக்கோங்க."

"மேடைக்குத் தனியா மனு கொடுக்கணும்."

"கொடுக்கறோம். மேடை எங்கேன்னு இந்தத் தடவை எழுதியே கொடுக்கறோம்."

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் முளைக்குச்சி இறங்கியது. குழாய் வருவதற்குக் கோடை ஆகிவிடும் என்று சொல்லிவிட்டுச் சேஷகிரி போனார்.

யார் குடம் எது என்று பிரித்துக்கொள்ளவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு, அன்றைய தண்ணீருக்காகப் பெண்கள் பழைய கிணற்றுக்கே நடந்தார்கள். யூனிஸின் குடத்தைப் பிரிஜெட் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"கோபமா அத்தே?"

"கோபம்தான். நட."

முன்னால் போனவர்களில் யாரோ தெருவிளக்கு பற்றிப் பேச்செடுத்தார்கள். முக்கில் வைக்க வேண்டும் என்றாள் ஒருத்தி. நடுவில்தான் என்றாள் இன்னொருத்தி. விளக்கு தருவதாக இதுவரை யாரும் சொல்லவில்லை. கிணறு வருகிற வரைக்கும் சண்டை ஓயவில்லை.