பார்க்க மட்டும்

அந்த அலுவலகத்தில் யாராவது திடீரென்று "எடுத்தாச்சு!" என்று கத்தினால் பயப்பட வேண்டாம். கிளவுடில் இருக்கும் பொது ஃபோல்டரிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வேலை முடித்து மூடியதும் "வெச்சாச்சு!" என்று இன்னொரு கத்தல் வரும். மற்றவர்கள் தலையைத் தூக்காமலே "சரி" என்பார்கள். ஒரே ஃபைலை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினால், சின்க் ஆகும்போது அது இரண்டு பிரதியாகிவிடும். எது சரி, எது தப்பு என்று பிறகு பிரம்மாவுக்கே தெரியாது. சமையலறை அலமாரி செய்து கொடுக்கிற கம்பெனியில் அது விளையாட்டில்லை. ஃபோல்டரில் என்ன அளவு இருக்கிறதோ அதைத்தான் பட்டறையில் அறுப்பார்கள். அறுத்த பலகையை எந்தக் கிளவுடாலும் ஒட்டவைக்க முடியாது.

இந்தக் கத்தல் சட்டத்தைப் போட்டவள் சாவியக்கா. யார் எந்த ஃபைலைத் திருத்தலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம் என்று அனுமதி கொடுப்பதும் பிடுங்குவதும் அவள் கையில் இருந்ததால் அந்தப் பெயர். அதில் கொஞ்சம் கிண்டல் கலந்திருப்பது அவளுக்குத் தெரியும். உள்ளூரப் பெருமையாகவும் இருந்தது, மறைப்பானேன். ஒரு வேலைக்கு ஒரு ஃபைல்தான் இருக்க வேண்டும் என்பாள். 'கடைசி', 'கடைசியோ கடைசி' என்றெல்லாம் பெயர் வைத்து யாராவது பிரதிகளைச் சேர்த்துவைத்தால் அன்றைக்கு அவர்களுக்கு மண்டகப்படிதான்.

புதுசு அங்கே வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பெயர்தான் புதுசு, தலை பாதி நரைத்துவிட்டது. முன்பு வரைபடம் வரைந்துகொண்டிருந்த கம்பெனியை மூடிவிட, ரொம்ப நாள் வீட்டில் சும்மா இருந்துவிட்டு வந்தவர். கடைசியாக வந்தவர் என்பதால் கணக்குப் பார்ப்பவர் வேடிக்கையாகக் கூப்பிட ஆரம்பித்தது அப்படியே ஒட்டிக்கொண்டது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

அவருக்கு வந்த முதல் பெரிய வேலை ஒரு சமையலறை. சக்கர நாற்காலியில் இருக்கும் மகளுக்காக எல்லாவற்றையும் தாழ்த்திக் கட்டித் தரச் சொன்னாள் ஒரு அம்மா. "அவ காபிய அவளே போட்டுக் குடிக்கணுமாம், என்னைய ஒதுங்கிக்கச் சொல்றா" என்று சிரித்தாளாம். புதுசு நேரில் போய், அந்தப் பெண்ணை முழங்கை மடக்கி உட்காரச் சொல்லி அளந்துகொண்டு வந்தார். பொது ஃபைலில் எல்லா உயரத்தையும் குறைத்தார். "வெச்சாச்சு!" என்றார். "சரி" என்றார்கள்.

வந்து இறங்கிய அலமாரிகளோ வழக்கமான உயரத்தில் இருந்தன. ஆட்கள் அதை அப்படியே பொருத்திவிட்டும் வந்துவிட்டார்கள். மறுநாள் அந்த அம்மா ஒரு படம் அனுப்பினாள். மேடைக்கு மேலே மகளின் நெற்றியும் கண்களும் மட்டும் தெரிந்தன. கீழே ஒரு வரி: "இதுக்கு நாங்க பழசையே வெச்சிருப்போமே."

சாவியக்கா ஃபைலைத் திறந்து பார்த்தாள். பழைய அளவுகள்தான் இருந்தன. அத்தனை பேர் எதிரிலும் புதுசைக் கூப்பிட்டாள்.

"நீங்க மாத்தவே இல்லயே?"

"மாத்தினேன் மேடம். மாத்திட்டு, வெச்சாச்சுன்னு சொன்னேன்."

"சொல்றதுக்கு என்ன, வாய் இருந்தாப் போதும். சேவ் பண்ண கை வேணும்ல?"

கணக்குப் பார்ப்பவர் சிரித்தார். அன்றைக்கு "சரி" சொன்ன மற்றவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாவியக்கா தன் திரையைத் திருப்பிவைத்து, எல்லாரும் பார்க்க, புதுசின் பெயருக்கு எதிரே இருந்த அனுமதியைப் 'பார்க்க மட்டும்' என்று மாற்றினாள்.

அதிலிருந்து அவர் எதைத் திருத்துவதென்றாலும் அவள் மேஜைக்கு வந்து நிற்க வேண்டும். அவள் தலையைத் தூக்காமல் "எந்த ஃபைலு?" என்பாள். அந்த ஒன்றை மட்டும் திறந்துவிட்டு, சாயங்காலம் மூடிவிடுவாள். சில நாட்கள் பதில் உடனே வராது. மனிதர் நிற்பார், தொண்டையைச் செருமுவார், பிறகு ஏதோ ஒரு ஃபைலைச் சொல்வார். எதற்கு வந்தோம் என்பதுகூடவா இந்த ஆளுக்கு மறந்துபோகும் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதலாளி அவளைக் கூப்பிட்டனுப்பினார். "புதுசு விஷயத்துல வெள்ளிக்கிழமை முடிவு பண்ணணும்மா. நீங்க சொல்றதுதான். ஆனா வேணாம்னா காரணம் காட்டணும். வயசான மனுஷன், சும்மா அனுப்பக் கூடாது."

"காட்டறேன் சார்" என்றாள். அது என்ன பெரிய விஷயம். எந்த ஃபைலை யார் எப்போது தொட்டார்கள் என்று கிளவுடில் எல்லாம் பதிவாகியிருக்கும். அந்தப் பதிவைப் பார்க்கிற அனுமதி அவளுக்கு மட்டும்தான் உண்டு.

திறந்தாள். அந்தச் சமையலறை ஃபைலின் பதிவில் புதுசின் பெயரே இல்லை. அதில் இருந்தது ஒரே பெயர், அவளுடையது.

புரியாமல், அழித்த ஃபைல்கள் கிடக்கும் குப்பைத்தொட்டிக்குள் போனாள். அங்கே அதே பெயரில் ஒரு ஃபைல் இருந்தது. அழித்தவர் என்ற இடத்தில் மறுபடியும் அவள் பெயர். உள்ளே புதுசு குறைத்த உயரங்கள் ஒன்றுவிடாமல் அப்படியே இருந்தன.

அப்போதுதான் அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. மாமியாரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தாள். காத்திருந்த இடத்தில் இணையம் இல்லை. சும்மா இருப்பானேன் என்று லேப்டாப்பைத் திறந்து, அந்த வரைபடத்தின் அடியில் கம்பெனிப் பெயர் கோணலாக இருந்ததை நிமிர்த்தினாள். யாரும் கேட்கவில்லை. அடுத்தவர் வேலையில் மூக்கை நுழைத்து எதையாவது நிமிர்த்துவது அவள் வழக்கம். அவள் லேப்டாப்பில் இருந்ததோ புதுசு மாற்றுவதற்கு முந்தைய பிரதி. வீட்டுக்கு வந்ததும் சின்க் ஆகி, ஃபோல்டரில் இரண்டு ஃபைல்கள் நின்றன. ஒன்று சாதாரணப் பெயரில். இன்னொன்று அவளுடைய லேப்டாப்பின் பெயரை வால் போலத் தொங்கவிட்டுக்கொண்டு. "கண்ணு கூசுதும்மா, அந்தப் பொட்டிய மூடேன்" என்று மாமியார் வேறு சொல்லிக்கொண்டிருந்தார். தன் பெயர் போட்ட பிரதி எப்படித் தப்பாக இருக்கும்? மற்றதை அழித்தாள், தன்னுடையதன் வாலை நறுக்கினாள், மூடினாள். எடுத்தாச்சும் இல்லை, வெச்சாச்சும் இல்லை. வீட்டில் யாரிடம் கத்துவது?

ஊருக்குத்தான் உபதேசம் போலிருக்கிறது. சாவியக்காவுக்குக் காது மடல்கள் எரிந்தன. அந்த ஃபைலுக்குப் பக்கத்தில் 'நிரந்தரமாக நீக்கு' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் கதை முடிந்தது. அவள் அழுத்தவில்லை. ஆனால் அதன் மேல் அம்புக்குறியை நிறுத்திவைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாளே, அதற்காகவே தன் முகத்தில் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

கடைசியில் ஒரு கோழைத்தனம் செய்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் புதுசுக்குத் திருத்தும் அனுமதியைத் திருப்பிக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் மேஜைக்கு வந்துவிட்டார்.

"எல்லா ஃபைலும் திறக்குது மேடம். நன்றி."

"ம்."

அவர் இன்னும் சற்று நேரம் நின்றார். அவள் நிமிரவில்லை. போய்விட்டார். நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருந்தால்கூடத் தேவலை.

வீட்டில் சாப்பிடும்போது கணவனிடம் யாருக்கோ நடந்தது போலச் சொல்லிப் பார்த்தாள். "எங்க ஆபீஸ்ல ஒருத்தங்க, தானே ஒரு ஃபைல அழிச்சிட்டு, இன்னொருத்தர் மேல பழியப் போட்டுட்டாங்க."

"அடிப்பாவி" என்றான் அவன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "வேணும்னே பண்ணாளா?"

"இல்ல, தெரியாமதான்."

"இப்பத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப அது வேணும்னேதான். நீதான சாவி வெச்சிருக்க, அந்தம்மாவ முதல்ல வெளிய தள்ளிப் பூட்டு."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வெள்ளிக்கிழமை முதலாளியின் அறைக்கதவு திறந்தே இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவரிடம் மட்டும் சொல்லிவிடலாம் என்றுதான் வந்திருந்தாள். ஆனால் புதுசை அவமானப்படுத்தியது கதவைச் சாத்திக்கொண்டா? தன் இடத்திலேயே உட்கார்ந்தபடி, குரலைத் திரட்டிக் கத்தினாள்.

"அந்தச் சமையலறை ஃபைல அழிச்சது நான்தான்!"

"சரி" என்றார் கணக்குப் பார்ப்பவர், தட்டச்சை நிறுத்தாமல். "சரிக்கா" என்று மூலையிலிருந்து இன்னொரு குரல்.

யாரும் காதில் வாங்கவே இல்லை. இதையே சாக்காக வைத்து விட்டுவிடலாமா என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியதும் உண்மை. எழுந்து நின்றாள்.

"சரின்னு சொல்லாதீங்க. கேளுங்க. இவர் அளவ எல்லாம் சரியாத்தான் மாத்தி வெச்சிருந்தாரு. நான் வீட்லேர்ந்து, யார்கிட்டயும் சொல்லாம, அத அழிச்சிட்டு என் பழைய பிரதிய வெச்சேன். அப்புறம் இவரத் திட்டினேன். நீங்க என்னைப் பார்த்துத்தான் சிரிச்சிருக்கணும்."

தட்டச்சுச் சத்தம் நின்றது. முதலாளி வாசலுக்கு வந்துவிட்டார்.

"சார், இவர நிரந்தரம் பண்ணுங்க. அந்த வீட்டுக்கு நானே போய் அந்தம்மாகிட்டயும் பொண்ணுகிட்டயும் மன்னிப்புக் கேக்கறேன்." பிறகு, இருப்பதிலேயே கஷ்டமான காரியமாக, புதுசின் பக்கம் திரும்பினாள். "என்னை மன்னிச்சிருங்க சார்."

"தெரியும் மேடம்" என்றார் அவர்.

"என்ன தெரியும்?"

"நீங்க அழிச்சது. அன்னைக்கு நீங்க திட்டினப்புறம் மெயில்ல தேடிப் பார்த்தேன். ஃபைல யார் நீக்கினாங்கன்னு உங்க பேரோட கிளவுட்லேர்ந்து தானா ஒரு தகவல் வந்து கெடந்துச்சு."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? என்கிட்டச் சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் மேடம் ஒவ்வொரு தடவையும் வந்து நின்னேன்" என்றார் புதுசு. "நீங்க எந்த ஃபைலுன்னு கேட்டீங்க."